நாச்சியார்கோயில் குத்துவிளக்குகள்: எங்கள் மன்றத்தின் மூன்று ஆடி அனுபவம்

எங்கள் திருவிளக்கு வழிபாட்டு மன்றத்துக்காக 2022ஆம் ஆண்டு கார்த்திகையில் நாச்சியார்கோயில் பட்டறை ஒன்றில் 51 குத்துவிளக்குகளுக்குச் சொல்லிவைத்தோம். அடுத்த ஆண்டு மாசியில் அவை எங்கள் ஊர் வந்து சேர்ந்தன. ஆடி வெள்ளி, தை வெள்ளி, மாதந்தோறும் பௌர்ணமி என்று இதுவரை ஐம்பது தடவையாவது அவற்றை ஏற்றியிருப்போம். வீட்டுப் பூசையறைக்கு ஒரு விளக்கு வாங்குபவர்களுக்கு இந்த மதிப்புரையில் பாதிதான் பயன்படும். கோயிலுக்கோ மன்றத்துக்கோ ஊர்ப் பொதுவுக்கோ விளக்கு வாங்க நினைப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஏனென்றால், நாங்கள் வாங்கப் புறப்பட்டபோது எங்களுக்கு வழிகாட்ட இப்படி ஒரு குறிப்பு கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய பேரூராட்சி. நான் 27 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அரிசி, பருப்பு, முட்டை என்று ஒவ்வொன்றையும் நிறுத்தும் எண்ணியும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிப் பழகிய கை என்பதால், விளக்குகள் வந்த அன்றும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதினேன். கீழே வரும் எடைகளும் அளவுகளும் அந்தப் பதிவேட்டில் உள்ளவை.

பொது விளக்கு வாங்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நாங்கள் திருவிளக்கு வழிபாடு தொடங்கிய நாள்முதல், அவரவர் விளக்கை அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வருவதே வழக்கமாக இருந்தது. சீர்வரிசையாக வந்த இரண்டடி விளக்கு ஒருவரிடம் இருக்கும். அடுத்து அமர்ந்திருப்பவரிடம் கையளவு காமாட்சி விளக்கு இருக்கும். அதுவும் இல்லாதவர் மண் அகலோடு கடைசி வரிசையில் போய் உட்காருவார். யாரும் யாரையும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, ஆனால் விளக்கின் உயரத்தைப் பார்த்தே வரிசை அமைந்துவிடும். எந்த வீட்டு விளக்கு என்று பார்த்த கண், எந்தத் தெரு என்றும் பார்த்துவிடும். பல ஆண்டுகள் இதைக் கண்டும் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022 ஆடி மூன்றாம் வெள்ளியன்று ஒரு விளக்கு சாய்ந்தது. அண்மையில் கடையில் வாங்கிய, மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்த விளக்கு அது. பார்வைக்குப் பளபளப்பாகவும் உயரமாகவும் இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. வாழையிலையில் பச்சரிசி பரப்பி அதன்மேல் வைத்திருந்தார்கள்; பக்கத்தில் தவழ்ந்த குழந்தை இலையின் நுனியை இழுத்ததும் விளக்கு சரிந்து, எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் பாவாடை ஓரத்தில் எண்ணெயும் நெருப்புமாக விழுந்தது. அவளுடைய தாய் வெறுங்கையால் அடித்து அணைத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தாயின் உள்ளங்கை ஆற இரண்டு வாரம் பிடித்தது. வரிசைகளை அவ்வளவு நெருக்கமாக உட்கார வைத்தது நான்தான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இனி மன்றத்தில் ஏற்றும் விளக்கு எல்லாம் ஒரே அளவில், கனமான அடியுடன், மன்றத்துக்கே சொந்தமானதாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அடுத்த வெள்ளிக்குள் எல்லோரும் வந்துவிட்டோம்.

பணம் சேர்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பிற ஊர் மன்றங்களுக்கு உதவக்கூடும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடும் பழைய பிடியரிசி முறையை மீண்டும் கொண்டுவந்தோம். வாரம் ஒரு முறை அதைத் திரட்டி விற்றோம். வெள்ளிக்கிழமை உண்டியலில் விழுந்ததும், பரண்களில் கிடந்த ஓட்டை விழுந்த குடம், பிடி போன செம்பு ஆகியவற்றை எடைக்குப் போட்டுக் கிடைத்ததும் அத்துடன் சேர்ந்தன. ஊரில் வசதியான ஒருவர் முழுத் தொகையையும் தானே தருவதாகவும், ஒவ்வொரு விளக்கின் அடியிலும் தம் தந்தையார் பெயரை வெட்ட வேண்டும் என்றும் கேட்டார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். உபயதாரர் பெயர் எழுதுவது கோயில்களில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த விளக்குக்கு முன்னால் அமரும் பெண் வேறொருவர் வீட்டு விளக்கை இரவல் வாங்கியதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, கைகூப்பி வேண்டாம் என்றோம். மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்து அவர் எங்களோடு நல்லபடியாகவே இருக்கிறார்.

நாச்சியார்கோயில், கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து கும்பகோணம், பிறகு நகரப் பேருந்து என்று நாங்கள் நான்கு பேர் விடியற்காலையில் புறப்பட்டுப் போனோம். திருநறையூர் என்று ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசம் இதுவே. இங்கே தாயாருக்கே முதலிடம். புறப்பாட்டிலும் தாயார் முன்னே செல்ல, பெருமாள் பின்னே எழுந்தருள்வார். மார்கழியிலும் பங்குனியிலும் நடக்கும் கல் கருட சேவையில், சன்னதியிலிருந்து நான்கு பேர் தூக்கும் கருடனை வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆட்கள் கூடித் தூக்க வேண்டியிருக்கும் என்பதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. முதலில் வஞ்சுளவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போனோம். பெண்கள் கூடி ஏற்றும் விளக்கை நாச்சியாரின் ஊரில் வாங்குவது எங்களுக்கு மிகுந்த நிறைவாக இருந்தது.

கடைகளில் விளக்குகள் அடுக்கியிருக்கும். ஆனால் இத்தனை விளக்கு ஒரே அளவில் வேண்டுமென்றால் பட்டறையில் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று இரண்டு கடைகளில் நேர்மையாகவே சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் போன பட்டறையில் மூன்று தலைமுறை ஆட்கள் ஒன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணைச் சட்டத்தில் இறுக்கி, மாதிரி உருவை அதில் பதித்து எடுத்து, மூசையில் உருக்கிய பித்தளையை அந்த அச்சில் ஊற்றுகிறார்கள். விளக்கு முழுதாக ஒரே வார்ப்பில் வருவதில்லை. அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் என்று நான்கு பாகமும் தனித்தனியே வார்க்கப்பட்டு, கடைசல் இயந்திரத்தில் வழவழப்பாக்கப்பட்டு, திருகு மரை வெட்டி ஒன்றோடொன்று பூட்டப்படுகின்றன. அடியைப் பிரம்மா என்றும் தண்டை விஷ்ணு என்றும் தட்டை உருத்திரன் என்றும் சொல்லிச் சொல்லியே பொட்டு வைத்து வந்த எனக்கு, அந்த மூன்றும் தனித்தனியே மண்ணுக்குள்ளிருந்து வெந்து கறுத்து வெளியே வருவதைப் பார்த்தபோது கண் கலங்கியது.

பட்டறைப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கொடி வேலைப்பாடு உள்ள தண்டு, மயில் வைத்த உச்சி என்று விதவிதமாகக் காட்டினார். எங்களுக்கு எது தேவை என்று கேட்டதற்கு, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் உடனே தட்டுக்கு மேலே உள்ள எதையும் பேசாமல் அடிப்பீடத்தை எடுத்து என் கையில் வைத்து, “அம்மா, வெளக்க மேல பாத்து வாங்காதீங்க, கீழ பாத்து வாங்குங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பட்டறையை நான் தேர்ந்தெடுத்தேன்.

முடிவான அளவு இது: உயரம் 12 அங்குலம், அடிப்பீடத்தின் விட்டம் 5 அங்குலம், ஐந்து முகம், வேலைப்பாடு இல்லாத தண்டு, உச்சியில் சிறிய அன்னம். கிலோ 820 ரூபாய் என்று பேசினோம். வரியும் வண்டி வாடகையும் தனி. மொத்தம் 64 கிலோ நின்றது, அதற்கு 52,480 ரூபாய் கொடுத்தோம். முன்பணமாகப் பாதி கேட்டார்கள், கொடுத்ததற்கு முறையாக ரசீது எழுதித் தந்தார்கள். எடையை எங்கள் கண்முன்னே போட வேண்டும் என்று நான் கேட்டபோது முகம் சுளிக்கவில்லை.

இனி விளக்கைப் பற்றி. மூன்று ஆடி கடந்த பிறகும் நான் முதலில் புகழ்வது அதன் நிற்கும் உறுதியைத்தான். மிக லேசானது 1 கிலோ 210 கிராம், மிகக் கனமானது 1 கிலோ 300 கிராம். ஒன்றைப் பாகம் பாகமாகக் கழற்றி நிறுத்தேன்: 1 கிலோ 250 கிராமில் அடிப்பீடம் மட்டுமே 560 கிராம். அதாவது கனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தரையோடு தரையாக இருக்கிறது. இலையும் அரிசியும் பரப்பி அதன்மேல் வைத்தாலும் ஆடுவதில்லை. சென்ற ஆடியில் எண்ணெய் ஊற்றி வந்த ஒரு பெண்ணின் முந்தானை தண்டில் சுற்றி இழுபட்டபோது விளக்கு இலையோடு நகர்ந்ததே தவிரச் சாயவில்லை. அதற்காக அஜாக்கிரதையாக இருக்கலாம் என்று பொருளல்ல. வரிசைக்கு வரிசை மூன்றடி இடைவெளி விடுகிறோம். தவழும் குழந்தைகளுக்கு மண்டபத்தின் மேற்குப் பக்கம் தனியாகப் பாய் விரித்து இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வாளி மணலும் ஒரு வாளி நீரும் எப்போதும் தயாராக இருக்கும்.

எண்ணெய்த் தட்டு ஏறக்குறைய 60 மில்லி கொள்கிறது. ஐந்து முகமும் ஏற்றினால், 108 போற்றியும் பாட்டும் ஆரத்தியும் முடியும் வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக, இடையில் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. எரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போகும்போதுதான் விபத்து நடக்கும் என்பதால் இதை ஒரு பாதுகாப்பு வசதியாகவே நான் கருதுகிறேன். முகங்களின் வாய் நன்றாகக் குழிந்திருக்கிறது, திரி வழுக்கி உள்ளே விழுவதில்லை. பஞ்சுத்திரியைவிடக் கையால் முறுக்கிய சீலைத்திரி இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன்.

முதலாவது, தாமதம். தை முதல் வெள்ளிக்கு முன் தருவதாகச் சொன்னவை மாசியில்தான் வந்தன. கார்த்திகை மார்கழி மழையில் மண் அச்சு காயவில்லை என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் மழைக்காலத்தைக் கணக்கில் வைத்து நாள் சொல்லியிருக்க வேண்டும். தை வெள்ளி நான்கையும் பழையபடி அகல் விளக்கோடு முடித்தோம். மழைக்காலத்துக்கு முன்பே, சித்திரை வைகாசி வெயிலில் கைக்குக் கிடைக்கும்படி சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது, நாங்கள் மிகவும் அவதிப்பட்டது இதில்தான். எடுத்து வர வசதியாக விளக்குகளைக் கழற்றி, அடிப்பீடங்கள் ஒரு சாக்கிலும் தண்டுகள் ஒரு சாக்கிலுமாக வைக்கோல் சுற்றி அனுப்பியிருந்தார்கள். மரை ஒவ்வொன்றும் கையால் பொருத்தி வெட்டியது என்பதால், ஒரு விளக்கின் தண்டு இன்னொன்றின் பீடத்தில் ஏறாது, ஏறினாலும் பாதியில் நிற்கும் அல்லது ஆடும். நான்கு பாகங்கள் வீதம் 204 துண்டுகளை மண்டபத்தில் பரப்பி, எதற்கு எது என்று இணை சேர்க்கப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. கடைசியில் எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் எண் வெட்டும் உளி வாங்கி, நான்கு பாகத்திலும் 1 முதல் 51 வரை எண் பொறித்தோம். பட்டறையில் கழற்றுவதற்கு முன்பே நான்கு பாகத்திலும் எண் அடித்துத் தரும்படி கேளுங்கள். கேட்டால் செய்து தருவார்கள், கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, மூன்று விளக்குகளின் தட்டில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்து எண்ணெய் கசிந்தது. மண்ணில் வார்க்கும் பொருளில் இது வரக்கூடியதுதான். முதல் நாளே பூசைக்கு வைத்துவிடாமல், முந்தைய இரவு எண்ணெய் நிரப்பிச் செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. தொலைபேசியில் சொன்னதும், மறுபேச்சுப் பேசாமல் மூன்று தட்டுகளையும் மாற்றித் தந்தார்கள். ஆனால் போய்வந்த செலவு எங்களுடையது. பொதுப்பணத்தில் அது வருத்தமாகத்தான் இருந்தது.

துலக்குவது பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் விளக்கு வாங்குவது ஒரு நாள் வேலை, துலக்குவது ஆயுள் வேலை. வியாழக்கிழமை பிற்பகல் ஏழெட்டுப் பேர் கோயில் கிணற்றடியில் கூடுவோம். புளியை ஊறவைத்துத் தேய்த்து, கழுவி, சலித்த சாம்பலால் மீண்டும் ஒரு முறை தேய்த்து, ஈரம் போகத் துடைத்து வெயிலில் வைக்கிறோம். புளி இருந்துவிட்டால் பித்தளை கறுக்கும், ஈரம் இருந்துவிட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். வேலைப்பாடு இல்லாத தண்டைத் தேர்ந்தெடுத்ததன் அருமை அப்போதுதான் தெரியும். கொடியும் பூவும் உள்ள தண்டில் இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் ஊசியால்தான் எடுக்க முடியும். பளபளப்புக்காக மேலே பூசும் மெருகெண்ணெய் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சுடர் படும் இடத்தில் அது கருகித் திட்டுத் திட்டாக நிற்கும். அந்த வியாழக்கிழமைகளில் கிணற்றடியில் பேசித் தீர்ந்த குடும்பத் தகராறுகளும், ஏற்பாடான மருத்துவ உதவியும், பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையைத் திரும்பச் சேர்த்ததும் பதிவேட்டில் இல்லை.

விளக்குகள் கோயில் பண்டக அறையில் மரப்பெட்டிகளில் இருக்கின்றன. ஊரில் காதுகுத்து, திருமணம், புதுமனை புகுவிழா என்றால், எந்தத் தெருவிலிருந்து கேட்டாலும் இரண்டு விளக்குகள் கொடுக்கிறோம். வாடகை கிடையாது, துலக்கித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. எண் இருப்பதால் எந்த விளக்கு யார் வீட்டில் என்பது பதிவேட்டில் தெரிந்துவிடும். இதுவரை ஒன்றும் காணாமல் போகவில்லை. துக்க வீட்டில் தலைமாட்டில் ஏற்றவும் கேட்கிறார்கள். அதற்கென்று தனி விளக்கு ஒதுக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் மட்டுமல்ல, மூத்த பெண்கள் பலரும் அதற்கு உடன்படவில்லை. அம்மனுக்கு முன் எரிந்த விளக்கு அந்த வீட்டிலும் எரியட்டும் என்றே கொடுத்துவருகிறோம்.

எண்ணிக்கை ஏன் 51 என்று கேட்பவர்கள் உண்டு. உறுப்பினர் ஐம்பது பேர் என்பதால் நான் ஐம்பதுக்குத்தான் கணக்குப் போட்டேன். என் கணவர் 2011இல் காலமானார். அதன்பின் நான் ஒலிபெருக்கி அருகில் நின்று போற்றி வாசிப்பேனே தவிர, விளக்குக்கு முன் அமர்ந்ததில்லை. அமரக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. என் சீர் விளக்கு பரணுக்குப் போனது, நான் ஒலிபெருக்கிக்கு அருகில் போனேன், அவ்வளவுதான். என்னைப் போல் தூணோரம் நின்றவர்கள் இன்னும் நால்வர் இருந்தார்கள், அவர்களுக்கு ஐம்பதில் விளக்கு ஒதுக்கிய எனக்கு, என்னைச் சேர்த்து எண்ணத் தோன்றவில்லை. பட்டறையில் எண்ணிக்கை சொல்லும்போது, உள்ளங்கை சுட்டுக்கொண்ட அந்தத் தாய் குறுக்கிட்டு, “அம்பத்தொண்ணு போடுங்கய்யா. எங்க அக்காவுக்கு ஒண்ணு” என்றார். பங்குனிப் பௌர்ணமியன்று எல்லாம் ஒரே உயரத்தில் நின்ற வரிசைகளில், 51ஆம் எண் விளக்கின் முன் அமர்ந்தபடி போற்றியை வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது, கூட இருந்தவர்கள் தொடர்ந்து சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரே அளவு என்று நான் வற்புறுத்தியபோதிலும், கையால் செய்த விளக்குகள் அச்சடித்தாற்போல் இருப்பதில்லை. உற்றுப் பார்த்தால் ஓர் அன்னத்தின் கழுத்து சற்றுக் குனிந்திருக்கும், இன்னொன்றின் தட்டு நூலளவு அகலமாக இருக்கும். இதைக் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு 51 சுடர்களும் ஒரே மட்டத்தில் தெரிகின்றன, மன்றத்துக்கு அது போதும்.

ஒரே ஒரு விளக்கு வாங்குபவர் எடையையும் கசிவையும் பார்த்தால் போதும். மன்றமாக வாங்குபவர்கள், நான் சொன்ன எண் விஷயத்தை மறக்காமல், தலைக்கு ஒன்று என்று கணக்கிட்டதற்கு மேல் நான்கைந்து உதிரித் தட்டுகளும் தண்டுகளும் மரை பொருந்தும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் உதிரி இல்லை. 33ஆம் எண் விளக்கின் தண்டு இந்த ஆடியில் ஆடத் தொடங்கியது. நூல் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறோம். வரும் தையில் அதை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோயில் போகிறோம். பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் மன்றத்துக்கு 30 விளக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அவர்களில் இருவரும் எங்களோடு வருகிறார்கள்.